தொங்கிய கையும் அடையாளச் சீட்டும்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினேன். முழங்கை மடங்கியது, கையும் நெற்றிவரை போயிற்று. மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் எல்லாம் துவண்டு தொங்கியது. விரல்நுனி படவேண்டிய இடத்தில் புறங்கை போய் முட்டியது. பக்கத்தில் நின்றவர் என் பக்கமாகக் குனிந்து ஒரு தடவை மோந்து பார்த்தார். காலையிலேயே கள்ளுக்கடைக்குப் போய்வந்தவன் என்று நினைத்திருப்பார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

அதற்கு முன்பே உடம்பு அடையாளம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. வயிற்றைப் பிடித்து முறுக்குவது போல வலி வரும். மலம் கழிந்து நாளாகும். வாயில் எந்நேரமும் ஓர் இனிப்புக் கசப்பு. ஓமத்தண்ணீர் குடித்தேன், விளக்கெண்ணெய் குடித்தேன். எல்லாம் வாயு என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டதால் நானும் நம்பினேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தெருவில் இருந்த அச்சாபீஸில் நான் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரி வரியாகக் கோப்பதுதான் வேலை. கப்பல் சரக்குச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, இழவு அறிவிப்பு என்று எது வந்தாலும் கோப்போம். அச்சுக்கோக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

என் மனைவி செசிலி அன்றைக்கே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன், அது தொங்கியது. விரலை நிமிர்த்தச் சொன்னார். நடுவிரலும் மோதிரவிரலும் கேட்கவில்லை. பிறகு என் கீழுதட்டை இழுத்துப் பிடித்து ஈறைப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"அச்சாபீஸ்ல கம்பாசிட்டர், டாக்டர்."

"நினைச்சேன். எழுத்தை வாயில வைப்பீங்களா?"

வைப்பேனா என்று கேட்டால் என்ன சொல்வது? எங்கள் தொழிலில் எல்லோரும் வைப்போம். கோத்த பக்கத்தில் பிழை திருத்தும்போது தப்பான எழுத்தை இடுக்கியால் எடுக்க ஒரு கை வேண்டும், வரி சரியாமல் பிடிக்க இன்னொரு கை வேண்டும். போடவேண்டிய சரியான எழுத்து அதுவரைக்கும் எங்கே இருக்கும்? உதட்டில்தான் இருக்கும். என் உதட்டில் இருப்பது ளகரமா ழகரமா என்று பார்க்காமலே நாக்கால் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் என் பெருமையைக் காதில் வாங்கவில்லை. ஈறோரத்தில் ஓடிய நீலக்கோட்டைக் கண்ணாடியில் காட்டினார். இது ஈய நஞ்சு (ஈயம் சிறுகச் சிறுக உள்ளே போய்ச் சேர்வதால் வரும் விஷம்) என்றார். கைக்கு வந்திருப்பது மணிக்கட்டு வீழ்ச்சி (கையை நிமிர்த்தும் நரம்பு செத்தது போலாகி மணிக்கட்டு தொங்கிப்போவது). பால், பேதியுப்பு, அயோடைடு (எலும்பில் தங்கிய ஈயத்தைக் கிளப்பிச் சிறுநீரில் வெளியேற்றத் தரும் உப்பு) என்று எழுதித் தந்தார். கை தொங்காமலிருக்க மணிக்கட்டின் அடியில் ஒரு பலகையை வைத்துக் கட்டினார்.

"கை திரும்ப வருமா டாக்டர்?" என்று செசிலி கேட்டாள்.

"வரலாம். வராமலும் போகலாம். அச்சாபீஸ் பக்கம் போகக்கூடாது, வாய் வழியா ஈயம் போகக்கூடாது. கைக்குச் சின்னச் சின்ன வேலை கொடுங்க."

அந்தச் சின்ன வேலை என்னவென்று அவரே சொன்னார். காகிதம் மடித்து, புத்தகத்தில் பக்கம் அடையாளம் வைக்கும் சீட்டுச் செய்ய வேண்டும். பச்சைப் பிள்ளைகள் செய்கிற வேலை. பக்கம் பக்கமாகப் புத்தகம் கோத்தவனிடம், அதற்குள் வைக்கிற துண்டுச் சீட்டைச் செய்யச் சொல்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அவர் மேசையையே கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கக் கை இல்லை.

சீட்டுச் செய்வது எளிது என்பார்கள். கைநலமுள்ளவர்களுக்கு எளிதுதான். கெட்டியான காகிதத்தில் இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம் நறுக்கிக்கொள்ள வேண்டும். நீளவாக்கில் இரண்டாக மடித்து, பிரித்து, உள்ளே கஞ்சிப்பசை தடவி, மறுபடி மடித்து அழுத்த வேண்டும். காய்ந்த பிறகு தலைப்பில் ஊசியால் துளையிட்டு வண்ண நூல் கோத்து முடிச்சுப் போட்டால் தீர்ந்தது. மூலைச் சீட்டு இன்னும் சுலபம். ஒரு சதுரத் துண்டைக் குறுக்காக மடித்து, இரண்டு காதையும் உச்சிக்கு மடக்கிச் செருகினால் பக்கத்தின் மூலையில் தொப்பி போல உட்கார்ந்துகொள்ளும்.

என்னுடையதைப் போன்ற கைக்கு மருந்து மடிப்பதில் இல்லை, பிரிப்பதில் இருக்கிறது. இதை, நான் இரண்டாம் தடவை போனபோதுதான் டாக்டர் விளக்கினார். விரலை மடக்கும் நரம்பு எனக்கு நன்றாகத்தான் இருந்தது. நிமிர்த்தும் நரம்புதான் படுத்துவிட்டது. ஆகவே மடித்த காகிதத்துக்குள் விரல்களை நுழைத்து, நகப்புறத்தால் தள்ளித் திறக்க வேண்டும். பலகைக் கட்டை அவிழ்த்துச் சிறிது நேரம் இதைச் செய்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

யுத்த காலம். காகிதம் பொன்னாக இருந்தது. அச்சாபீஸ் முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். கல்யாணப் பத்திரிகை வெட்டியபோது விழுந்த ஓரத்துண்டுகளை ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தனுப்பினார். சிலவற்றில் பாதி வரி அச்சாகியிருந்தது. "சுற்றமும் நட்பும்" என்ற துண்டு ஒன்று, "வந்திருந்து" என்ற துண்டு ஒன்று. அவற்றில் பல நான் கோத்த வரிகள்.

முதல் நாள் ஒரு சீட்டுக்கூட முடியவில்லை. மடித்த காகிதத்தைத் தள்ளத் தள்ள, விரல்கள் நகராமல் கிடந்தன. கடற்காற்றின் ஈரத்தில் பசை காயவில்லை. காய்ந்தது சுருண்டுகொண்டது. நூலைத் துளையில் நுழைக்கிறேன் என்று உட்கார்ந்தால் நுழைவதற்குள் கஞ்சியே புளித்துவிடும். நான் கசக்கி எறிந்ததையெல்லாம் செசிலி பொறுக்கி நீவி மறுபடி முன்னால் வைத்தாள்.

"ஏளா, யாருக்கு இது? இந்தத் தெருவுல செபப் புத்தகத்தத் தவிர வேற புத்தகம் யார்ட்ட இருக்கு?"

"செபப் புத்தகத்துல வையுங்க."

"ஒரு புத்தகத்துக்கு எத்தன சீட்டுளா வைப்பா?"

"உங்க கை நிமிருற வரைக்கும் வைப்பேன்," என்றாள்.

அவள் சொன்னதைச் செய்தாள். கொஞ்ச நாளில் தெருவிலிருந்த செபப் புத்தகமெல்லாம் வாய் மூட முடியாமல் உப்பிக்கொண்டன. பூசைக்குப் போனால் யாராவது ஒருவர் "வியாழக்கிழமை செபத்துக்கு உங்க சீட்டுத்தான்" என்பார். என்னைச் சந்தோஷப்படுத்துவதாக அவருக்கு எண்ணம். அதில் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

ஆனால் ஒரு நாள் நடுவிரல் லேசாக அசைந்தது. காகிதத்தை அல்ல, காற்றைத் தள்ளியது, அவ்வளவுதான். செசிலி குசினியிலிருந்து மாவுக்கையோடு ஓடிவந்து பார்த்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் அழுதோம். மறுபடியும் அச்சாபீஸில், ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் எழுத்துப் பெட்டி முன்னால் நிற்பேன் என்று அன்றுதான் முதன்முதலாக நம்பினேன். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான். நடப்பதும் பேசுவதும் சாப்பிடுவதும் அப்புறம்.

அந்த நம்பிக்கையின் வாயில்தான் மண் விழுந்தது. வயிற்று வலி திரும்ப வந்தது. முன்பைவிட மோசமாக முறுக்கியது. அசைந்த விரல் மறுபடி படுத்துக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தால் வெளுத்துக்கொண்டிருந்த நீலக்கோடு கறுத்திருந்தது.

"உண்மையச் சொல்லுங்க. நான் சந்தைக்குப் போற நேரம் அச்சாபீசுக்குப் போறீயளா?" என்று செசிலி கேட்டாள்.

"மாதா மேல சத்தியமாப் போகல."

"போகாம எப்படி வரும்?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. பாலைச் சந்தேகித்தோம். தண்ணீரைச் சந்தேகித்தோம். பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசியவனைக்கூடத் திட்டினோம். செசிலி குசினியிலிருந்த பாத்திரத்தையெல்லாம் ஒதுக்கி மண்சட்டியில் சமைத்தாள். அப்படியும் வலி குறையவில்லை. இரண்டு பேரும் முகங்கொடுத்துப் பேசாமல் சில நாட்கள் போயின. அவள் என்னை நம்பவில்லை என்பது வலியைவிட எனக்குப் பெரிதாக இருந்தது.

கடைசியில் டாக்டரிடமே போனோம். அவரும் அச்சாபீஸைப் பற்றித்தான் முதலில் கேட்டார். செசிலி, நான் செய்த சீட்டுகளில் ஒரு கட்டைச் சாட்சி சொல்ல வந்தவள் மாதிரி மேசையில் வைத்தாள். நாள் முழுக்க இதைத்தான் செய்கிறேன், வேறெங்கும் போகவில்லை என்று நான் கத்தினேன்.

"கத்தாதீங்க. எப்படிச் செய்யறீங்கன்னு செஞ்சு காட்டுங்க," என்றார்.

ஒரு காகிதத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து, மடிப்பின் மேல் வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். மடிப்பு, கத்தி விளிம்பு போலக் கூர்மையாக விழுந்தது. அடுத்து காகிதத்தைப் பிரிக்க வேண்டும். தகட்டை மேசையில் வைத்தால் என் வலது கையால் திரும்ப எடுக்க வராது. ஆகவே வழக்கம்போலப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வாயில என்ன?"

வாயிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வரிக்கும் வரிக்கும் நடுவே இடைவெளி விடுவதற்காக நாங்கள் வைக்கிற தகடு. எந்தக் காலத்திலோ பைக்குள் போட்டு வீட்டுக்கு வந்தது. நேராக இருக்கும், வழவழப்பாக இருக்கும், மடிப்பு அழுத்த அதைப் போல ஒன்று கிடையாது. அது ஈயம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்களுக்கு ஈயமென்றால் எழுத்து. எழுத்தை வாயில் வைக்கக்கூடாது என்றார், வைக்கவில்லை. இது வெறும் தகடு. அப்படித்தான் என் புத்தி பிரித்து வைத்திருந்தது.

செசிலி என்னைப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "மருந்து இந்தக் கையால, விஷம் அந்த வாயாலயா?" என்றாள். டாக்டர் தகட்டை ஒரு காகிதத்தில் சுற்றித் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தது. பால், பேதியுப்பு, பலகை, மறுபடி காகிதம். செசிலியின் அண்ணன் கடலில் சங்கு குளிக்கிறவர். விஷயத்தைக் கேட்டு வளையல் அறுத்து மிஞ்சிய சங்குத் துண்டு ஒன்றை, தகட்டுக்குப் பதிலாக மடிப்பு அழுத்த, தேய்த்துக் கொண்டுவந்தார். "மச்சான், இதக் கடிச்சாப் பல்லுதான் போகும், உயிரு போகாது," என்று கேலி செய்தார். ஆழத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவிச் சங்கு பொறுக்குகிற மனிதர். அந்தப் பொறுமையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் செசிலி என்னிடம் இந்தப் பாடு பட்டிருக்கமாட்டாள்.

உங்களில் யாராவது இதே இடத்தில் இருந்தால் ஒன்று சொல்கிறேன். கை நேற்று செய்ததை இன்று செய்யாது. ஒரு வாரம் ஏறும், மறு வாரம் இறங்கும். முன்பெல்லாம் பக்கம் கோத்து முடிந்தால்தான் எனக்குப் பொழுது போனதாகக் கணக்கு. கை விழுந்து கிடந்த மாதங்களில் விரல் எவ்வளவு நிமிர்ந்தது என்பதுதான் பொழுது. காலையில் எழுந்ததும் கை விழிக்கக் காத்திருப்பேன். அது என் கையாக இல்லாமல், வீட்டில் படுத்திருக்கும் வேறொரு நோயாளியாக எனக்குத் தோன்றும். அதைக் கெஞ்சவும் செய்தேன், திட்டவும் செய்தேன். இன்றைக்கும் ஒரு பாத்திரத்தை எடுக்குமுன் அதைக் கேட்டுக்கொண்டுதான் எடுக்கிறேன்.

மாதா திருவிழா நெருங்கியபோது மணிக்கட்டு நேராக நின்றது. எல்லா விரலும் விரிந்தன. டாக்டர் பலகையை எடுத்துவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை வந்துடுச்சு. இனி அச்சு எழுத்தைத் தொடாதீங்க. இன்னொரு தடவை விழுந்தா எழும்பாது."

"அப்ப எதுக்கு டாக்டர் வந்துச்சு?" என்று கேட்டேன். அவருக்கு அது வேடிக்கையாகத் தெரிந்திருக்க வேண்டும், சிரித்தார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. ஈரக்காகிதத்தோடும் புளித்த கஞ்சியோடும் மல்லுக்கட்டியதெல்லாம் அந்தப் பெட்டி முன்னால் நிற்பதற்காக. கையைக் கொடுத்துவிட்டு வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டு நாளில் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். நான் போனேன். போகாதீர்கள் என்று செசிலி சொல்லவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னவே, கை வந்துட்டாமே! திருவிழா நோட்டீசு கெடக்கு, கோக்க ஆளில்ல. இன்னைக்கு ஒரு நாளு மட்டும் கோத்துக் குடும். ஒரு நாள்ல என்ன ஆயிரப்போவுது?"

எழுத்துப் பெட்டி பழைய இடத்திலேயே இருந்தது. முன்னால் போய் நின்றேன். நான் நினைக்குமுன் வலது கை எழுந்தது. மணிக்கட்டு நிமிர்ந்து, விரல்கள் விரிந்து, மகர அறைக்கு நேராக நின்றது. இத்தனை மாதம் எதற்காகக் காத்திருந்தேனோ அதே அசைவு, கொஞ்சமும் பிசகாமல். எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. பிறகு இறக்கினேன். தூக்கப் பட்ட பாட்டைவிட அது பெரும் பாடாக இருந்தது.

பின்னால் நின்ற அண்ணாச்சி, "என்னவே, கை இன்னும் விழுந்துருதா?" என்று கேட்டார்.

"விழல அண்ணாச்சி," என்றேன். "நாந்தான் இறக்கினேன்."