டாக்டரம்மா குடித்த ஒரு டம்ளர் தண்ணீர்

போன வருஷம் ஐப்பசி மழை விட்ட நேரம். காரைக்கால் பக்கம் கருக்களாச்சேரியில் எங்கள் தெருவிலும் அங்கங்கே டெங்கு. தாயில்லாத என் தங்கை தலைப்பிரசவத்துக்கு என்னிடம்தான் வந்திருந்தாள். நிறைமாதம். அவளைக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா வாரம் ஒரு காலை எங்கள் தெருவுக்கு வந்து, வீடு வீடாகத் தண்ணீர் டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். சுற்றி முடித்ததும், கொசுப்புழு இல்லாத ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். எங்கள் தெருவில் அதற்கு அவ்வளவு மவுசு.

அந்த டம்ளர் ஒவ்வொரு வாரமும் எதிர்வீட்டுக்கே போனது. எதிர்வீடு என்றால் என் மூத்த ஓரகத்தி. அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு டம்ளரை நீட்டுவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் டிரம் மட்டும் என்ன சாக்கடையா? தேய்த்த தேய்ப்பில் நகமே போய்விட்டது! டாக்டரம்மாவோ, "வீட்டுக்குள்ள கொசு பறக்குதுங்க, கொல்லைப்பக்கம் நல்லா பாருங்க" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவார். கொல்லையில் கிழிந்த மீன்வலைக் குவியலைத் தவிர என்ன இருக்கிறது? ஓரகத்திதான் ஏதோ போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவள் வீட்டில் ஒரே ஒரு புழுவாவது கிடைக்காதா, டாக்டரம்மாவிடம் காட்டி மானத்தை வாங்கலாமே என்று ஒருநாள் அவள் கொல்லைக்குள் நுழைந்தேன். டிரம், குடம், ஆட்டுக்கல் குழி... ம்ஹூம், ஒன்றுமில்லை.

"என்னடி தேடுற?"

"கருவேப்பிலைக்கா..."

"அது வாசப்பக்கம்ல நிக்குது!"

அசடு வழியத் திரும்பியபோதுதான் கண்ணில் பட்டது. மீன் வைக்கிற பழைய ஐஸ் பெட்டியை அவள் குப்புறக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். எங்கள் பெட்டி எங்கே? வலைக்குவியலுக்கு அடியில்!

ஓடிப்போய் வலையை இழுத்தேன். மூடி உடைந்த பெட்டி நிறைய மழைத்தண்ணீர், அதில் புழு நெளிநெளியென்று நெளிந்தது. தங்கை தினமும் மதியம் காற்றுக்காகப் பாய் போட்டுப் படுப்பது அதற்குப் பக்கத்தில்தான். அடிப்பாவி மகளே என்று என்னை நானே திட்டிக்கொண்டு பெட்டியை எட்டி உதைத்துக் கவிழ்த்தேன்.

அடுத்த முறை டாக்டரம்மா என் வாசலில் நின்றார். "இன்னிக்கு உங்க வீட்டுத் தண்ணி குடுங்க." டம்ளரை இரண்டு முறை கழுவி நீட்டினேன். எதிர்வீட்டைப் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா? குடித்து முடித்தவர் நேரே அங்கே போய், "நீங்களும் குடுங்கக்கா" என்று இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார். அவளுக்கு மட்டும் அக்காவாம்!

தங்கைக்குச் சுகப்பிரசவம். குழந்தையை முதலில் வாங்கிக் கொஞ்சியதும் என் ஓரகத்திதான், அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமை குடியைக் கெடுக்கும் என்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளை சிரிக்கும்போதெல்லாம், அன்றைக்கு நான் வயிறு எரியாமல் நல்லவளாக வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நடுங்குகிறேன்.