நான் உலர்த்திக் கொடுத்த காப்பி விதை

போன வாரம் என் மாமா கொண்டுவந்த செடியைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் ஒரு கேள்வி கேட்டீர்கள். மாமா பதில் சொன்னார். நான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து மாடிக்குப் போனேன். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களாம். அதைத்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் சிரிப்பு வந்துவிடும்; இல்லாவிட்டால் வேறு ஏதாவது வந்துவிடும்.

அப்போது நான் ஐந்தாவது படித்தேன். சுங்குவார்சத்திரத்தில் இதே வீடுதான். மாடியில் ஒரே ஒரு அறை கட்டி, கம்பெனி வேலைக்கு வந்த தெக்கத்தி அண்ணன்கள் நாலு பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். என் அம்மாவுக்குக் கம்பெனி கேன்டீனில் முதல் ஷிப்ட். விடியுமுன் வேன் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். அப்பாவுக்கு நைட் ஷிப்ட். பகலெல்லாம் போர்வைக்குள் இருப்பார். ஆகவே பகலில் இந்த வீட்டுக்கு நான்தான் பெரிய மனிதன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

மாமா, அம்மாவின் தம்பி. ஜவ்வாது மலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். அங்கே சாமை விதைப்பார்கள். அது வருஷம் முழுக்க வயிற்றுக்குக் காணாது. ஆண்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கூலி வேலைக்கு இறங்கிப் போய்விடுவார்கள். மலையில் நல்ல மரநிழல் இருக்கிறது, அதன் அடியில் காப்பி வைத்தால் வீட்டோடு இருந்தே பிழைக்கலாம் என்பது மாமாவின் ஆபீஸ் யோசனை. ஆனால் மலைக்காரர்கள் ஏற்கெனவே யோசனைகளால் அடிபட்டவர்கள். யாரோ கொடுத்த மல்பெரிச் செடி கருகிப்போயிருந்தது. வேறு யாரோ கொடுத்த ஆடுகள் செத்துப்போயிருந்தன. மாமா ஒரு வருஷம் வீடு வீடாக நடந்து பத்து வீட்டைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

ஒரு மாசி மாதச் சாயங்காலம் மாமா பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். தோளில் ஒரு சாக்குப் பை. கர்நாடகப் பக்கம் போய் வாங்கிவந்த காப்பி விதை அதில் இருந்தது. சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்: “இந்த தபா முளைக்கலன்னா அவ்ளோதாங்க்கா. நானு இன்னொரு வேலை தேடிக்குவேன். என் பேச்சைக் கேட்டவங்க இன்னா பண்ணுவாங்க?”

“மொதல்ல சோத்தைத் துன்னு. வெதை முளைக்கிறதுக்குள்ள நீ காஞ்சிடுவ போலகீது” என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் மாமா சென்னை ஆபீசுக்குப் போகவேண்டியிருந்தது. நாலைந்து நாளில் திரும்பும்போது பையை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. நான் பஸ் ஸ்டாப் வரை போனேன். படிக்கட்டில் ஏறி நின்ற பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

“டேய், பைய கட்டியே வெக்காத, புழுங்கிடும். அவுத்து ஒலத்து...”

அதற்குள் பின்னால் வந்த கன்டெய்னர் லாரி ஒரு ஹாரன் அடித்தது பாருங்கள், மீதிப் பேச்சு முழுவதும் அதற்குள் போய்விட்டது. “சரி மாமா!” என்று நானும் லாரிக்குப் போட்டியாகக் கத்தினேன். மாமா நிம்மதியாகக் கையாட்டினார்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் விதையெல்லாம் ஒரே சாம்பல். பாவம், மாமாவை ஏமாற்றி அடுப்பங்கரையில் கொட்டினதைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சோறு வடிக்கிற குண்டானில் போட்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். பிறகு மாடிக்குத் தூக்கிப் போய்ப் பரப்பினேன். எங்கள் வீட்டில் உலர்த்துவது என்றால் துணியோ வத்தலோ, எதுவானாலும் மொட்டை மாடி வெயில்தான்.

வேலை முடிந்து வந்த மாடி அண்ணன் ஒருவர் குனிந்து பார்த்தார். “ஏலே, கடலையையா குளிப்பாட்டி வச்சிருக்க?”

“கடலை இல்லண்ணா, காப்பி.”

“காப்பியா! அப்போ பாலையும் ஊத்தி வையி, தூங்கி எந்திரிச்சு வந்து குடிக்கோம்.”

நாலு நாள் நல்ல வெயில். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து காலால் திருப்பி விட்டுவிட்டுத் திரும்ப ஓடுவேன். சாயங்காலம் அம்மா வருமுன் கூட்டிக் கட்டி மாடி அண்ணன்கள் அறைக்குள் வைத்துவிடுவேன். அவளிடம் மூச்சு விடவில்லை. மாமா வந்து சொல்லி அவள் அசந்துபோகவேண்டும் என்று ஆசை. மூன்றாம் நாளே விதைகள் வெள்ளையாகி, காலில் பட்டால் கலகலவென்று சிரித்தன.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மாமா வந்தார். கூடவே மலையிலிருந்து ஒரு அக்கா. பத்து வீட்டின் சார்பாகப் பேச அவளையும் ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் சம்மதம் சொன்னது அவள் வீடுதான். மற்ற ஒன்பது வீட்டுக்கும் மாமாவைவிட அவள் பேச்சுதான் பேச்சு.

மாமா வரும் நாள் என்று அன்று மட்டும் விதையைக் கூட்டாமல் பரப்பியே வைத்திருந்தேன். நான் அவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மாடிக்குக் கூட்டிப்போனேன்.

மாமா விதையைப் பார்த்தார். அப்படியே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பஸ் அலுப்பு என்று நினைத்தேன். அந்த அக்கா ஒரு விதையை எடுத்துத் தோலை நீக்கினாள். பல்லில் வைத்துக் கடித்தாள். டக் என்று சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பின்னாலேயே வந்த அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் காதைப் பிடித்துவிட்டாள். குண்டானில் கழுவியது தெரிந்துவிட்டது என்று நான் பயந்துபோனேன். அக்காதான் அம்மாவின் கையை விலக்கினாள்.

“வுடுக்கா. எம்மாஞ் சுத்தமா ஒலத்தி வெச்சிகீது பாரு புள்ள.” என் பக்கம் திரும்பினாள். “நீ ஒண்டியாவா பண்ண?”

“ஆமாக்கா. ஒரு வெதைய கூட காக்கா தூக்கல.”

மாமா மெதுவாகக் கேட்டார்: “இத எடுத்துகினு போயி இன்னா பண்ணப் போற?”

“வெறுங்கையோட ஏறச் சொல்றியா சார்? புள்ள நாலு நாளு பாடுபட்டுகீது.”

மூலையில் உருண்டு கிடந்ததைக்கூட விடாமல் பொறுக்கிப் பையில் கட்டிக்கொண்டாள். நான் பஸ் ஸ்டாப் வரை நடக்கவில்லை, மிதந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. வந்தபோது கை காலெல்லாம் முள் கீறியிருந்தது. அம்மா மஞ்சள் அரைத்துப் பூசினாள். இரண்டு பேரும் என் எதிரில் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த தைப் பொங்கலுக்கு மாமா ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தார். செய்தித்தாளில் மடித்த காப்பித்தூள். “உன் வெதைடா. அந்த அக்கா குடுத்தனுப்பிச்சா” என்றார். டீ மட்டுமே குடிக்கிற எங்கள் வீட்டில் அன்று காப்பி. ஒரே கசப்பு. மாடி அண்ணன்களைக் கூப்பிட்டு ஆளுக்கு அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, என் பங்கைச் சொட்டு விடாமல் குடித்தேன். பள்ளிக்கூடத்தில் ஜவ்வாது மலைக் காப்பியே என்னால்தான் விளைந்தது என்று சொல்லி வைத்தேன். வெகுகாலம் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

போன வாரம் நீங்கள் கேட்டீர்கள்: “தாத்தா, இது எப்போ காய்க்கும்?”

“மூணு வருஷம் ஆவும். நல்லா காய்க்க நாலு” என்றார் மாமா.

மாசிக்கும் தைக்கும் பதினொரு மாதம். இத்தனை வயதில் அன்றுதான் அந்தக் கணக்கைப் போட்டேன்.

மாமா பின்னாலேயே மாடிக்கு வந்தார். “அந்தப் பொட்டலம்?” என்றேன்.

“உன் வெதைதான்டா, பொய் சொல்லல” என்று சிரித்தார். “வறுத்து இடிச்சது.”

காப்பி விதையைச் சாம்பலோடு நிழலில்தான் உலர்த்தவேண்டும். வெயில் பட்டால் உயிர் போய்விடும். லாரி விழுங்கியது அந்த ‘நிழல்’ என்ற ஒரு வார்த்தையைத்தான். நான் ஒரு விதை பாக்கி இல்லாமல் கொன்று வைத்திருந்தேன். அந்த வருஷத்துக்கு வேறு விதை கிடைக்க வழியில்லை. மலையின் மறுபக்கம் யாருடையதோ பழைய காப்பித் தோட்டம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. அங்கே மரத்தடியில் தானாக முளைத்த கன்றுகளைப் பிடுங்கி வந்து நட அக்கா தோட்டத்துச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு வாங்கினாள். ஆனால் முள் புதருக்குள் போக ஒன்பது வீடும் தயங்கியது. அவள் என் விதையை வறுத்து இடித்து, வெல்லம் போட்டுக் கொதிக்கவைத்து, எல்லோரையும் உட்காரவைத்து ஊற்றினாளாம். தாங்கள் வளர்க்கப்போவது என்ன ருசி என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது. குடித்துவிட்டு எழுந்து போனார்கள். எனக்கென்று ஒரு பிடி தூளை மட்டும் எடுத்து வைத்து, கன்று பிழைத்த பிறகுதான் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாளாம்.

உங்கள் செடி அந்தக் கன்றுகளின் வழியில் வந்தது. அதை மாடி வெயிலில் வைத்திருக்கிறீர்கள். முதலில் கீழே இறக்கி வேப்பமர நிழலில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் மாமாவிடம்கூட நான் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த அக்கா விதையைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடி நின்றாள் என்று எழுதினேன் அல்லவா? ருசி பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, “நல்லாகீதா? இன்னொண்ணு தரட்டாக்கா?” என்று கேட்டேன். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.