வாசிக்காமல் விட்ட இடம்

தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரரான கிருபாகரன் சொகுசுக் கப்பல்களில் ஜாஸ் பியானோ வாசித்தவர். ஒரு புயலில் இரும்புக் கதவு அறைந்து, இடக்கையின் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. வேலையை விட்டுத் தூத்துக்குடி வீட்டுக்கு வந்தவர், மாதக்கணக்கில் பியானோவைத் திறக்கவே இல்லை.

"விரல்தான போச்சு? காது நல்லாத்தான இருக்கு? உங்க கைக்கு வாரத நீங்களே எழுதுங்க," என்றார் மனைவி ஜெஸ்மி.

மிச்ச விரல்களுக்கென்றே இசையமைக்கத் தொடங்கினார். வலக்கை ஓடும்போது இடக்கை இடையிடையே மௌனமாக நின்றுவிடும். முதலில் அந்த மௌனம் அவருக்குக் கூச்சமாக இருந்தது. போகப்போக அது வரும் இடத்துக்காக ஆசையோடு காத்திருக்கலானார்.

சென்னையில் அவற்றை வாசித்த கச்சேரி முடிந்ததும் ஒரு ரசிகை, "அங்கெல்லாம் வாசிக்காம விட எவ்வளவு தைரியம் சார் உங்களுக்கு!" என்றார்.

கிருபாகரன் சிரித்தார். "தைரியமெல்லாம் இல்லம்மா. விரல் வரல, விட்டுட்டேன். இப்ப விரல் சரியானாலும் அங்கன வாசிக்க மாட்டேன்."