அப்பாவின் குரலில் ஆறு மாதம்

குரல் தொழிலில் முதலீடு கிடையாது. கடை அடைக்கும் நேரமும் கிடையாது. சின்னமனூரில் நான் எடுக்காத குரல் இல்லை. பஸ் கண்டக்டர், கெமிஸ்ட்ரி வாத்தியார், மைக் கட்டி மீன் விற்கும் ஆட்டோக்காரர் எல்லாரும் என் தொண்டையில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறார்கள். வீட்டில் ஒருவரை டாக்டருக்கு மேல் டாக்டராகப் படிக்கவைத்துவிட்டு, போன் அடித்தால் ஆளுக்கொரு மூலைக்கு ஓடும் சக பாவிகளே, உங்களுக்கு ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். இப்போது தரமாட்டேன். முதலில் கொஞ்சம் பயந்துவிட்டு வாருங்கள்.

காலியான தொண்டை

அப்பா வாழைத்தார் மண்டியில் ஏலம் கூவுகிறவர். கழுத்துக் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போனது. வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்தான். பொறுத்திருந்து பாருங்கள், திரும்ப வந்தாலும் வரும் என்றார்கள். அண்ணனுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று அம்மா எல்லாரிடமும் சத்தியம் வாங்கினாள். அண்ணன் சென்னையில் எம்.எஸ். இரண்டாம் வருஷம், ஊருக்கு வர லீவே கிடைக்காது. அவன் பெண்டாட்டியும் மகளும் எங்களோடு இருக்கிறார்கள். வங்கிக் கடன், மதினி அடகு வைத்த நகை, அம்மாவின் மகளிர் குழுக் கடன் எல்லாம் அந்த ஒரு படிப்பை நம்பித்தான் நிற்கின்றன. விஷயம் தெரிந்தால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவான். பாதியில் விட்டால் சீட்டும் போகும், மிச்சப் பீசும் தலையில் விழும். இதில் விசேஷம், அவன் படிப்பது காது மூக்கு தொண்டை.

முதல் சாயங்காலம் அவன் போன் செய்தபோது கரண்ட் இல்லை. நான் அப்பா குரலில், "சாப்பிட்டியாப்பா?" என்றேன். எதிரே போன் வெளிச்சத்தில் அப்பாவின் உதடுகள் அதே வார்த்தைக்கு அசைந்தன. அடுத்து என்ன சொல்வதென்று எனக்கே தெரியாதபோது அவர் உதடு முந்திக்கொண்டது. அதைப் பார்த்துப் பார்த்து நான் பேசினேன். போனை வைத்ததும் அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "மெழுகுவத்தியப் பொருத்துடா, ரெண்டு பேர்ல யாரு பேசுனதுன்னு நான் பாக்கணும்."

தார்க்குவியலுக்குப் பின்னால்

மண்டிக்காரர் இரக்கப்பட்டு அப்பாவைத் தார் எண்ண வைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏலம் கூவ வேண்டிய புது ஆள் வரவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? குவியலுக்குப் பின்னால் குந்திக்கொண்டு அப்பா குரலை எடுத்துவிட்டேன். அப்பா முன்னால் நின்று கையை மட்டும் ஆட்டினார். தார் தூக்கியவர்கள் தூக்கியபடியே திரும்பிப் பார்த்தார்கள். பிறகு விலை ஏறத் தொடங்கியது. கம்பம்மெட்டு வழியாகக் காய் எடுக்க வரும் மலையாளி வியாபாரி ஒருவர் மட்டும் எதையும் கேட்காமல் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது அப்பாவின் தோளைத் தொட்டார். "சேட்டா, உங்க சத்தம் வேற எங்கனயோ நிக்குது. அதைத் தனியா விடாதீங்க."

ஜன்னலுக்கு வெளியே

தவணை கேட்கும் பைனான்ஸ்காரரிடம் போனில் அப்பா குரலில் அவ்வளவு இனிமையாகப் பேசிவைத்திருந்தேன். தன் மகளின் பல் வலிவரைக்கும் சொல்கிற அளவுக்கு அவர் ஒட்டிக்கொண்டார். அதுவே வினையானது. ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். "தொண்டை கட்டியிருக்குண்ணே," என்று மதினி சமாளித்தது. மனிதர் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

தெருவில் நின்று ஜன்னல் வழியே அப்பாவைப் பார்த்துக்கொண்டே போன் போட்டிருக்கிறார். உள்ரூமில் என் சட்டைப்பையில் இருந்த அப்பாவின் போன் அடித்தது. பழக்கதோஷம். எடுத்து, "சொல்லுங்க தம்பி," என்றேன். அப்பா முழங்காலில் கைவைத்து, வாய் மூடி, அப்படியே உட்கார்ந்திருந்தார்.  போனுக்குள் அவர் மெதுவாகக் கேட்டார்: "அய்யா, நீங்க என் கண்ணு முன்னாலதான் உக்காந்திருக்கீக. அப்ப இத்தன நாளா நான் யார்கிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்?"

டார்ச் லைட்

அண்ணன் மகளுக்கு மூன்று வயது. ஒருநாள் டார்ச்சை எடுத்து அப்பாவின் வாய்க்குள் அடித்துப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் தேடினாள். கடைசியில் என் வயிற்றில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்பா குரலில், "என்ன பாப்பா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஓடிப்போய் மதினியின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "தாத்தாவ சித்தப்பா முழுங்கிட்டாரு. வெளிய விடச் சொல்லு."

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் தனியாக இருக்கும்போது எந்தக் குரலும் எடுக்கவில்லை.

ஒரு பக்கம்

போன வாரம் சாயங்காலம் அண்ணனின் பேச்சு சரியில்லை. "முடியலப்பா. எல்லாரும் எனக்காகக் கடன்ல கெடக்கீக. விட்டுட்டு வந்துரவா?" என்றான். நான் அப்பாவின் உதட்டைப் பார்த்தேன். அசையவில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அங்கே படிக்க ஒன்றுமில்லை. நான் யோசிக்கவும் இல்லை. குரல் தானாக வெளியே வந்தது. "பாதியில வந்தா வாசல்லயேதான் நிப்ப. முடிச்சுட்டு வா."

அந்தப் பக்கம் ஏதோ ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம். பிறகு அண்ணன், என்னை மட்டும் கூப்பிடுகிற தொனியில், "ஏலே," என்றான்.  "விடியக்காலம் இருந்து ஏலம் கூவுன தொண்டை, பொழுதடைய கரகரன்னு ஆயிரும். ஆறு மாசமா அப்பா தூங்கி எந்திரிச்ச மாதிரியே பேசுறாக. ஓய்வா இருக்காகளோன்னு நானும் என்னைய ஏமாத்திக்கிட்டேன். போன அவுக வாய்கிட்ட வை. 'ஈ'ன்னு இழுக்கச் சொல்லு."

வைத்தேன். காற்று இறங்கியது. அவன் அதை முழுசாகக் கேட்டான். "குரல் நாண்ல ஒரு பக்கம் அசையல போல. பாத்தாத்தான் தெரியும், வழி இருக்கு. நாளைக்கு அவுகளச் சென்னை பஸ்ல ஏத்தி விடு. நான் வரல. வந்தா வாசல்லயே நிப்பேன்னு அப்பாவே சொல்லிட்டாகளே."

வாங்கிய கடனெல்லாம் எங்கே போனது என்று யாராவது கேட்டால், என் அண்ணன் காதுக்குள் என்று இனிமேல் தைரியமாகச் சொல்வேன்.