நன்றியுரையில் திறந்த அலமாரி

அந்தக் கண்ணாடி அலமாரிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்தி மாலையும் போட்டிருந்தார்கள். உள்ளே, ஒரு பக்கம் தமிழும் எதிர்ப்பக்கம் பிரெஞ்சுமாக அச்சிட்ட படக்கதைப் புத்தகங்கள். காரைக்காலிலிருந்து பிரான்சுக்குப் போய்க் குடியேறிய யாரோ ஒரு மகராசன், 'நம்ம ஊர்ப் பிள்ளைகள் படிக்கட்டும்' என்று பெட்டி நிறைய அனுப்பியிருந்தார். எங்கள் படிப்பக மன்றம் அவற்றைப் பூட்டி வைத்தது. ஆயுத பூஜை போட்டால்கூட மறுநாள் சுத்தியலைக் கையில் எடுத்துவிடுவார்கள். இந்தப் புத்தகங்களுக்கு அந்த யோகமும் இல்லை. சாவி மன்றத் தலைவரின் சட்டைப்பையில் இருந்தது. 

அது எண்பதுகளின் தொடக்கம். பகலில் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த நான், குரல் கணீரென்று இருந்த ஒரே காரணத்தால் மன்ற விழாக்களில் மைக் பிடிப்பேன். குரலுக்கும் தைரியத்துக்கும் சம்பந்தமில்லை என்பது ஊருக்குத் தெரியாது. முன்வரிசையில் யாராவது செருமினாலே பேச்சைப் பாதியில் நிறுத்தி, 'அடுத்து' என்று அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவிவிடுவேன்.

அக்கா என்ற பொருளில் எல்லோரும் ராத்தா என்றே அழைத்த ஓர் அம்மாள் இருந்தார், திருமலைராயன்பட்டினத்துக்காரர். தகப்பனாருக்கு வியட்நாமில், சைகோனில் கடை இருந்ததால், சின்ன வயதில் அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கணவர் வளைகுடாவில் இருந்தார். மாலையானால் ராத்தா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு குரும்பகரத்துக்குப் பஸ் ஏறுவார். பகலெல்லாம் வயலில் நடவும் களையெடுப்புமாக நிற்கும் சேரிப் பெண்பிள்ளைகளுக்குத் தமிழும் பிரெஞ்சும் சொல்லிக்கொடுப்பார். "பட்டினத்து முஸ்லிம் பொம்பளைக்குச் சேரியில என்ன வேலை?" என்று இரண்டு ஊரிலும் கேட்டார்கள். அவர் மறுநாளும் பஸ் ஏறினார்.

வகுப்பில் ஒரு கரும்பலகை மட்டும்தான். ஆகவே, அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க, மன்றத்தில் பூட்டி வைத்த புத்தகங்களைக் கேட்டார். தலைவர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் உத்தியோகம் பார்த்தவர். சட்டையில் இஸ்திரி கலையாது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நாத்து நடப் போற புள்ளைங்களுக்குப் பிரெஞ்சு எதுக்கு?"

"அதுங்களுக்குத்தாங்கய்யா வேணும். நாளைக்கு எவன் எந்தப் பாஷையில எழுதிக் கைநாட்டு வாங்குவான்னு யாரு கண்டா?"

தலைவர் சிரித்தார். சாவி பையை விட்டு வரவில்லை.

ஆண்டு விழா வந்தது. 'சமூக நீதி, இருமொழிக் கல்வி' என்று மேடையில் பெரிய துணிப் பதாகை. அதன் கீழே பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்கு நாற்காலி, குரும்பகரத்துப் பிள்ளைகளுக்குத் தரை. அலமாரியை எட்டிப் பார்த்த ஒரு பெண்ணை, "கைய வைக்காத, கண்ணாடி அழுக்காயிரும்" என்று தொண்டர் ஒருவர் விரட்டினார். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அட்டையில் இருந்த பெயரைத் தமிழிலும் பிரெஞ்சிலும் சத்தமாக வாசித்துவிட்டுப் போனாள். மேடையில் தலைவர் எல்லோரும் சமம் என்று பேசிக்கொண்டே இருந்தார்.

ராத்தாவுக்கு நன்றியுரை கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் நன்றியுரை என்றால் ஜனங்கள் செருப்பு தேடும் நேரம். அவர் பந்தல்காரர்வரை நன்றி சொல்லி முடித்துவிட்டு, துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"கடைசியா நம்ம தலைவர் அய்யாவுக்கு. இந்தப் புத்தகம் எல்லாம் இன்னைக்கே குரும்பகரத்துப் புள்ளைங்க வூட்டுக்குப் போகணும்னு மனசு வச்சிருக்காங்க. நாட்டுப்பண் முடிஞ்சதும் அவங்க கையாலயே தொறந்து குடுப்பாங்க. எல்லாரும் கைதட்டுங்க!"

தலைவர் அப்படி ஒரு மனசையும் வைத்திருக்கவில்லை. கைதட்டல் கிளம்பியது, செருப்பு தேடியவர்கள்கூடத் திரும்பி நின்று தட்டினார்கள். தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தொடையைக் கிள்ளினார். "டேய், மைக்க வாங்குடா! முடிடா!"

மைக்கை வாங்கினால் ராத்தாவின் முகத்தில் எப்படி விழிப்பது? வாங்காவிட்டால் தலைவர் என் முதலாளியிடம் சொல்லுவார். எழுந்து மைக் பக்கம் போனேன். வாய் பழக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது: "அடுத்து, நாட்டுப்பண்!"

அத்தனை பேரும் விறைத்து நின்றார்கள். தலைவராலும் அசைய முடியவில்லை. ஓட முடியாது, மறுக்க முடியாது, என்னைத் திட்டவும் முடியாது. கூட்டம் முழுவதும் அவருடைய சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் அப்படி வியர்த்தவர்களை நான் கண்டதில்லை, என்னைத் தவிர. "பயங்கரத் துணிச்சல்டா உனக்கு" என்று பிறகு பலர் முதுகில் தட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

அலமாரி திறந்தது. போட்டோக்காரர் வந்ததும் தலைவருக்குச் சிரிப்பும் வந்தது. முதல் புத்தகத்தைத் தம் பேத்திக்குக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்! இப்போதும் அந்தப் பதாகைச் சொற்களையே மின்விளக்கில் எழுதி விழா எடுக்கிறார்கள், பிள்ளைகள் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசை நாற்காலி எனக்கும் கிடைக்கிறது. உட்கார்ந்தால் முள்ளாய்க் குத்துகிறது.

மறுவாரம் பிள்ளைகள் புத்தகங்களைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தலைவர் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கறை தேடினார், கண்டுபிடித்தும்விட்டார்.

"பாத்தீங்களாம்மா? எல்லாம் சேத்துக் கை."

"ஆமாங்கய்யா, வரப்புல உக்காந்து படிச்சிருக்குங்க. உங்க பேத்தி கொண்டாந்தது மட்டும் பிரிக்காம அப்புடியே இருக்கு."

சொல்லிவிட்டு ராத்தா திரும்பி, வாசலில் நின்றவர்களைக் கூப்பிட்டார். "வாங்கடி, மாத்தி மாத்தி எடுத்துக்கங்க." அவர்கள் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். தலைவர் பூட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். பூட்டுவதற்கு உள்ளே ஒன்றுமில்லை.