நான் முத்திரை வைத்த பரிசல்

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. புத்தூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது. ஆனால் அது எங்கே முடிகிறது என்பது மட்டும் முடிவாகாமல் இருந்தது. நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம், ஆரணி ஆற்றின் ஒரு துறையில், எங்கள் கரை ஆந்திரா, எதிர்க்கரை சென்னை ராஜ்யம் என்று வைத்துக்கொண்டு வேலை நடந்தது. நடு ஆற்றில் யாருக்கு அதிகாரம் என்று ஒருமுறை தாசில்தாரிடம் கேட்டேன். வேலையைப் பாருங்கள் என்றார்.

கார்த்திகை மழையில் ஆறு நிறைந்தால் அந்தத் துறையில் பரிசல் ஓடும். முந்தைய வருஷம் வேறொரு துறையில் பரிசல் கவிழ்ந்து ஆட்கள் செத்துப்போனதால், அந்த வருஷம் கெடுபிடி அதிகம். பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. கரையில் நட்ட கல்லில் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் பரிசலை எடுக்கவே கூடாது. மீறினால் பரிசலைக் கட்டி வைத்து, கோர்ட்டில் கேஸ் போட வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். துணைக்கு அந்த ஊர்த் தலையாரி. தெலுங்குக்காரர், அதிகம் பேசாதவர்.

எங்கள் கரைப் பரிசல்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் போன நாலாம் நாள் அவர் பதினேழு பேரை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். தண்ணீர் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. இருந்தாலும் பதினேழு பதினேழுதான். நான் எண்ணி முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“பதினேழுல அஞ்சு பேரு பசங்க சார். பசங்களயும் தலைக்கு ஒண்ணுன்னு எழுதுவீங்களா?”

எழுதுவேன் என்றேன். பரிசலைக் கவிழ்க்கச் சொல்லி, புளியமரத்தோடு கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஆபீஸ் முத்திரையை வைத்தேன். துடுப்புகளைத் தலையாரி சாவடியில் பூட்டினார். பரிசல்காரர் ரிப்போர்ட்டில் கைநாட்டு வைத்துவிட்டு, கட்டைவிரல் மையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சரியாகச் செய்தோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மறுநாள் காலையில் ஆறு சிவப்புக் கோட்டை மூழ்கடித்துவிட்டது. செம்மண் நிறத்தில், முள்ளும் தடியுமாக இழுத்துக்கொண்டு ஓடியது. இன்று யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே எதிர்க்கரையிலிருந்து ஒரு பரிசல் கிளம்பியது. அது அந்தக் கரைக்காரருடையது; எங்கள் ஆபீசின் கோடும் கணக்கும் அவருக்குக் கிடையாது. குழந்தைக்கு மொட்டை போட ஒரு குடும்பம் திருப்பதிக்குப் புறப்பட்டிருந்தது. எங்கள் கரைக்கு வந்து பஸ் பிடித்து, புத்தூரில் ரயிலேற வேண்டுமாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

கையை ஆட்டித் திரும்பிப் போகச் சொன்னேன். கத்தினேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நடு ஆற்றைத் தாண்டும்போது பரிசல் சுழன்று, வெள்ளத்தில் மூழ்கி நின்ற ஒரு கருவேல மரத்தின் மேல் போய் மாட்டிக்கொண்டது. கிளை பரிசலின் அடித்தோலைக் கிழித்துவிட்டது என்று அங்கிருந்தவர்கள் குனிந்து குனிந்து தண்ணீரை அள்ளிக் கொட்டியதிலிருந்து தெரிந்தது. எண்ணினேன். குழந்தைகளோடு பதினொரு பேர்.

எங்கள் கரையில் இருந்தது ஒரே ஒரு பரிசல். அதன்மேல் என் முத்திரை.

நான் தேடி ஓடுவதற்குள் பரிசல்காரரே வந்துவிட்டார். புளியமரத்தடியில் நின்றுகொண்டு கயிற்றைத் தொடாமல் என்னைப் பார்த்தார். தலையாரி என் காதருகே வந்து, “வத்து சார், வத்து,” என்றார். வேண்டாம் என்கிறார். மேலே எழுதிக் கேட்காமல் முத்திரையை உடைத்தால் என் வேலை போய்விடும் என்பது அவர் கவலை. நாகலாபுரம் போய் ரெவின்யூ இன்ஸ்பெக்டரைக் கேட்டு வர அரை நாள் ஆகும்.

ஒரு கல்லை எடுத்து அரக்கை உடைத்தேன். சாவடியைத் திறந்து துடுப்புகளைக் கொண்டுவரச் சொன்னேன்.

பரிசல்காரர் அப்போதும் நகரவில்லை. “நீங்களும் ஏறுங்க சார். நாளைக்கு இது தப்புன்னு எழுதினா, நீங்களும் அதுல இருந்தீங்கன்னு இருக்கட்டும்.”

எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வருகிறேன் என்றேன்.

பரிசல்காரர் பரிசலைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக மேலாற்றுப் பக்கம் வெகுதூரம் போய், அங்கே என்னையும் ஏற்றி ஆற்றில் விட்டு, இழுப்போடு சாய்ந்து சாய்ந்து மரத்தை நோக்கி வந்தார். நான் மண்டியிட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மரத்தருகே வந்ததும் கிளையில் கயிற்றை வீசிப் பிடித்தார். அந்தப் பரிசலில் முழங்காலளவு தண்ணீர். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

“குந்துங்க. எழுந்தா நான் போய்க்கினே இருப்பேன்,” என்றார். உட்கார்ந்தார்கள்.

குழந்தைகளையும் பெண்களையும் மட்டும் வாங்கிக்கொண்டார். ஆறு பேர். இன்னும் இடம் இருந்தது. நான் எல்லாரையும் ஏற்றிவிடச் சொன்னேன். பன்னிரண்டுக்குக் கொஞ்சம்தான் கூட வரும், பரவாயில்லை என்றுகூடச் சொன்னேன். அதை நான்தான் சொன்னேன்.

“நேத்து தண்ணி வேற சார். இது வேற. இதுக்கு மேல ஒரு ஆளு வந்தாலும் அத்தினி பேரும் போவோம்.” பிறகு கிழிந்த பரிசலைக் காட்டினார். “நீங்க அதுல எறங்கி நில்லுங்க. ஆபீசரு நிக்கிறாருன்னு மத்தவங்க பயப்படாம இருப்பாங்க. நான் திரும்பி வரேன்.”

இறங்கினேன். அவர் கயிற்றை விட்டதும் பரிசல் எங்கோ போய்விட்டது.

மரத்தில் நாங்கள் ஆறு பேர். குழந்தையின் தகப்பன், அவருடைய இரண்டு தம்பிகள், ஒரு பெரியவர், அந்தக் கரைப் பரிசல்காரர், நான். ஒருவர் மாற்றி ஒருவர் சொம்பால் தண்ணீரை அள்ளிக் கொட்டினோம். மொட்டை போடும்போது குளிக்க வார்ப்பதற்காக அவர்கள் கொண்டுவந்த பித்தளைச் சொம்பு அது. தண்ணீர் குறையவில்லை. ஒவ்வொரு தடியும் வந்து மோதும்போது மரம் வேரோடு அசைவது உள்ளங்காலில் தெரிந்தது. பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் வருவாரா என்று கேட்டார். வருவார் என்றேன். அவருடைய பிழைப்பை முந்தின நாள் கட்டிப்போட்டவன் நான் என்பதும், அவர் வராமல் இருந்தாலும் யாரும் அவரைக் கேட்க முடியாது என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இழுப்பு அவரை எங்கேயோ கீழே ஒதுக்கியிருக்கும். பரிசலைத் தலையில் சுமந்து கரையோரமாகவே நடந்து மேலே வர வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் தொடைக்கு ஏறியது. அந்தக் கரைப் பரிசல்காரர் அழ ஆரம்பித்தார். பிறகு மேலே, வளைவில், கறுப்பாக வட்டமாக ஒன்று சுழன்றுகொண்டு வருவது தெரிந்தது.

நாங்கள் ஏறி, கயிற்றை அவிழ்த்துக் கொஞ்சதூரம் வருவதற்குள் கிழிந்த பரிசல் மரத்தை விட்டு நழுவி மூழ்கியது. கரையில் குழந்தையின் தாய் பரிசல்காரரின் காலைத் தொடப் போனாள். அவர் விலகி, பீடி கேட்டு வாங்கிப் பற்றவைத்தார். ஈரத்தில் இரண்டு தீக்குச்சிகள் அணைந்தன.

நடந்ததை நடந்தபடியே ரிப்போர்ட் எழுதினேன். உத்தரவில்லாமல் முத்திரையை உடைத்ததற்கு எனக்கு மெமோ வந்தது. அந்த வருஷ இன்கிரிமெண்டும் நின்றது. எதிர்க்கரைக்காரர் மேல் நடவடிக்கை எடுக்க ஆபீசில் காகிதம் போனது, வந்தது. அந்தக் கருவேல மரம் எந்த ராஜ்யத்தில் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாததால் அந்த நடவடிக்கை அப்படியே நின்றுபோனது.

எங்கள் கரைக்காரர் மேல் போட்ட கேஸ் மட்டும் நிற்கவில்லை. முந்தின நாள் பதினேழு பேரை ஏற்றியது நிஜம். புத்தூர் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி, பதினேழு பேர் என்று நானே சொன்னேன். மாஜிஸ்திரேட் போகச் சொன்னார். நான் இறங்காமல், மறுநாள் நடந்ததையும் சொல்ல அனுமதி கேட்டேன். அது இந்தக் கேஸ் இல்லையே என்றார். தெரியும் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டார்.

பரிசல்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சின்ன அபராதம், கோர்ட் கலையும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற தண்டனை. லைசென்ஸ் அந்த மழைக்காலம் முடியும்வரை கிடையாது. அவர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் ஆபீசுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றார். ஸ்டேஷன் பக்கம் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். பாதி சாப்பிட்டபின் நிமிர்ந்து பார்த்தார்.

“அன்னிக்கு மரத்தில விட்டுட்டு போனப்போ, நான் வரமாட்டேன்னு நெனச்சீங்களா?”

நினைத்தேன் என்றேன்.

“நானும் ஒரு தடவ நெனச்சேன் சார்,” என்றார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.