அண்ணர் கோடு கிழித்து அனுப்பிய கடதாசி

அபுதாபியில் இருந்த என் அண்ணர் ஒரு கடதாசியின் நடுவில் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்து, இடப்பக்கத்தில் தன் செலவுகளை வரிசையாக எழுதி, வலப்பக்கத்தை வெறுமையாக விட்டு எனக்கு அனுப்பியிருந்தார். வலப்பக்கத்தை நான் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். கட்டில் வாடகை, தண்ணீர், கரண்ட், சாப்பாடு, மருந்து, பஸ், உடுப்பு என்று ஏழு வரி. எட்டாவதாக, அடியில், 'வேறை ஏதும்' என்று ஒரு வரி. கட்டடக் கம்பனி ஒன்றின் களஞ்சியத்தில் சீமெந்துக்கும் கம்பிக்கும் வருடக்கணக்காகப் பதிவு எழுதிய மனிசன். தம்பிக்குக் கடிதம் எழுதினாலும் கை அப்படித்தான் போகும்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில், ஒரு சின்ன ஊரின் அகதிகள் விடுதியில் இருந்தேன். ஹைம் என்று சொல்லுவோம். வந்து இரண்டாவது மாரிக் குளிர்.

அண்ணருக்கு இந்தக் கணக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், அதுவரை இருக்க இடம் கொடுத்து வந்த கம்பனி, சம்பளத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துத் தந்து, இனி வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையைக் கழுவிவிட்டது. அந்தத் தொகைக்கு அந்த நகரத்தில் ஒரு கதவுகூடக் கிடைக்காது. எட்டுப் பேர் படுக்கிற அறையில், இரண்டு தட்டுக் கட்டிலின் கீழ்த்தட்டுக்கே அவர் சம்பளத்தின் கால்வாசி போனது. குடிக்கிற தண்ணீருக்குத் தனிக்காசு. குளிரூட்டி ஓடுகிற மாதங்களில் கரண்ட் காசை எட்டாகப் பிரித்தாலும் சுட்டது. 'எண்ணெய் விக்கிற ஊரிலை இருந்துகொண்டு தண்ணி வாங்கிக் குடிக்கிறன்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். 'வேறை ஏதும்' என்ற வரிக்கு நேரே ஒரே ஒரு சொல், 'வெக்கை.'

கீழே இரண்டு வசனம். 'உன்ரை பக்கத்தை நிரப்பி அனுப்பு. பார்த்துத்தான் இஞ்சை இருக்கிறதோ அங்கை வாறதோ எண்டு முடிவெடுக்கப் போறன்.'

சம்பளம் என்று ஒரு வரி அந்தக் கடதாசியில் இல்லை. ஜேர்மனியில் சம்பளம் என்ன என்று கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஜேர்மனி அல்லவா!

அவருடைய அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடியது. அம்மா, அப்பா, யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளோடு அண்ணி. என்னை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்காரனுக்குக் கட்டியதும் அதில்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு. நான் போய்க் காலூன்றினால் இரண்டு சம்பளம் வரும், தானும் ஊர் திரும்பலாம் என்பது அவர் எண்ணம்.

நான் ஊன்றியிருந்த காலின் நிலைமை வேறு. அகதி வழக்கு முடியும்வரை எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கே கந்தோரில் அனுமதிக் கடதாசி எடுக்க வேண்டும். கிழமைக்கு இரண்டு தரம் ஒரு வான் வந்து உணவுப் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போகும். கறுத்த பாண், உருளைக்கிழங்கு, தகரத்தில் அடைத்த ஏதோ இறைச்சி. அது என்ன இறைச்சி என்று எங்களில் ஒருவருக்கும் நிச்சயமில்லை. சைவக்காரர் ஒருவர் பெட்டியைத் திறக்குமுன்பே கையைக் கழுவிக்கொள்வார். கைச்செலவுக்கு மாதம் ஒரு சிறு தொகை தந்தார்கள். மிளகாய்த்தூளும் கடித முத்திரையும் வாங்க அது சரியாக இருந்தது. ஒளித்து வேலைக்குப் போனவர்களும் உண்டு. பிடிபட்டால் வழக்குக் கெட்டுவிடும் என்ற பயத்தில் நான் போகவில்லை.

ஆனால் இதெல்லாம் வீட்டுக்குத் தெரியாது. காசு வராததற்கு, வந்த வழியில் பட்ட கடனை அடைக்கிறேன் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்களாம். வீட்டுக்குப் போனது படங்கள். எங்கள் ஹைமில் தேவாலயத்துப் பெண்கள் கொண்டுவந்து தந்த ஒரு தோல் ஜாக்கெட் இருந்தது. எங்கள் இருபத்திரண்டு பேருக்கும் அளவானது. படம் எடுக்கிற நாளில் அதை ஒருவர் கழற்ற மற்றவர் போடுவோம். தெருவில் வழக்கமாக நிற்கிற வெள்ளிநிறப் பென்ஸ் காரின் கதவில் கையை வைத்துக்கொண்டு சிரிப்போம். அந்தக் காருக்கு யாழ்ப்பாணத்தில் மட்டும் இருபத்திரண்டு சொந்தக்காரர் இருந்தார்கள். உண்மையான சொந்தக்காரர் ஒருநாள் வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு, காரின் கைபிடியைத் துடைத்துக்கொண்டு ஏறினார். ஊருக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது எனக்கு. அடுத்த கிழமையும் படம் எடுத்தோம்.

அண்ணரின் கடதாசியை மேசையில் விரித்தபோது, அறையில் என்னோடு இருந்தவர், ஊரில் வாத்தியாராக இருந்தவர், எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சும்மா எண்டு எழுது தம்பி. பொய் இல்லைத்தானே. ராசா மாதிரியெல்லோ இருக்கிறம்."

பகிடியாகத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கட்டில் வாடகைக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். தண்ணீருக்கு இல்லை. கரண்டுக்கு இல்லை, அறை முழுக்க வெப்பக்குழாய், அதற்கும் காசு இல்லை. சாப்பாடு இல்லை என்று எழுதினால் பட்டினி என்று நினைப்பாரே என்று, 'வாசலுக்கு வரும், காசு இல்லை' என்று எழுதினேன். மருந்து, அரசாங்கம். பஸ், தேவையில்லை. அது மெத்தச் சரி, போக ஓர் இடமும் இருக்கவில்லையே. உடுப்பு, தருவார்கள்.

எட்டாவது வரியில் பேனை நின்றது. அங்கே எழுதியிருக்கலாம். இடம் இருந்தது. ஆனால் எழுதினால் என்ன அர்த்தம்? உங்கள் காசைக் கொட்டி என்னை அனுப்பினீர்கள், நான் ஒன்றரை வருடமாகப் பாண் தின்றுகொண்டு யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அபுதாபியில் இருக்கிற எட்டுப் பேரும் அந்தக் கடிதத்தைக் கைமாற்றி வாசிப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். 'குளிர் மட்டும்' என்று எழுதி ஒட்டி அனுப்பினேன்.

அன்று எனக்குக் குற்றவுணர்வு வரவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆறு கிழமைக்குள் பதில் வந்தது. 'நோட்டீஸ் குடுத்திட்டன். இன்னும் ஒரு மாசம். சேர்த்த காசும் கம்பனி தாற காசும் ஏஜென்சிக்குச் சரியா வரும். அண்ணிக்கும் எழுதிப் போட்டன், நல்ல சந்தோசம்.'

ஒரு மாதம் இருந்தது எனக்கு. கடிதம் போய்ச் சேருமோ என்ற பயத்தில் தந்தி அடிக்கலாம் என்று தபாற்கந்தோருக்குப் போனேன். 'வர வேண்டாம்' என்ற இரண்டு சொல்லுக்குக் கையில் காசு இருந்தது. வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு கிழவி பொதி ஒன்றை நிறுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அலுவல் முடியாமல் இருக்க வேண்டும் என்று நான் உள்ளுக்குள் கும்பிட்டேன். முடிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என்ன வேண்டும் என்று கேட்டார். விமானத் தபால் முத்திரை இரண்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஒன்றை ஒட்டி ஒரு கடிதம் போட்டேன். 'அவசரப்படாமல் யோசிச்சுச் செய்யுங்கோ. ஏஜென்சிக்காரர் எல்லாரையும் நம்ப ஏலாது' என்று எழுதினேன். அண்ணர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்றால், தம்பி சொல்கிறான் என்று மலிவான ஏஜென்சியை விட்டுவிட்டு, கூடக் காசு கேட்ட ஒருவனிடம் போனார். மற்ற முத்திரை என் பெட்டிக்குள் கிடந்தது. அதைப் பாவிக்க மனம் வரவில்லை.

கிழக்கு பேர்லினில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்குப் பக்கம் வந்து, அகதியாகப் பதிந்து, வேறொரு மாநிலத்தில் நான்கு மாதம் கிடந்து, அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிக் கொடுத்த பிறகு அண்ணரை என் ஹைமுக்கு மாற்றினார்கள். அந்த நான்கு மாதமும் அவர் எனக்கு எழுதிய கடிதங்களில், இங்கே தற்காலிகம்தான், உன்னிடம் வந்ததும் வேலை தொடங்கலாம் என்று இருந்தது. அங்கே அவரோடு ஹைமில் இருந்தவர்கள் உண்மையைச் சொல்லியிருப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னார்களாம். அவர்கள் சோம்பேறிகள் என்று நினைத்தாராம். தம்பி எழுதிய கடதாசி கையில் இருக்கும்போது மற்றவன் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்?

வந்த அன்றைக்கு மெலிந்து, கறுத்து, என் தோல் ஜாக்கெட்டைப் பார்த்துச் சிரித்தார். நான் அந்த இரவல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் பஸ் தரிப்புக்குப் போயிருந்தேன். அன்று அவரிடம் சொல்லவில்லை. களைத்து வந்த மனிசன், சாப்பிட்டுப் படுக்கட்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

விடிய நான் கண் திறந்தபோது அண்ணர் சவரம் செய்து, தலை வாரி இழுத்து, நீளக்கைச் சேட்டும் சப்பாத்தும் போட்டுக் கட்டில் விளிம்பில் இருந்தார்.

"எத்தினை மணிக்கு வேலைக்குப் போறனீ?" என்று கேட்டார். "நானும் வாறன். உன்ரை முதலாளியை ஒருக்காக் கண்டு கதைப்பம்."

வாத்தியார் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அண்ணை, இஞ்சை எங்களை வேலை செய்ய விடமாட்டினம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"வழக்கு முடியுமட்டும். வருசக்கணக்காகும்."

"அப்ப நீ இவ்வளவு காலமும் வேலை செய்யேல்லையோ?"

"இல்லை அண்ணை."

பெட்டியைத் திறந்து அந்தக் கடதாசியை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, பின்பக்கத்தில் ஒட்டுநாடா போட்டிருந்தது. மேலிருந்து கீழாக விரலை வைத்து வாசித்தார். வாடகை. தண்ணீர். கரண்ட். ஒவ்வொரு வரிக்கும் அறையைச் சுற்றி ஒருதரம் பார்த்தார், களஞ்சியத்தில் வந்த சாமானைச் சரிபார்ப்பது போல.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறாய்," என்றார். சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

அவர் ஒருக்கால் என்னை ஏசியிருந்தால், கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால், நான் அழுது தீர்த்திருப்பேன். ஏசவே இல்லை. திரும்பிப் போகவும் வழியில்லை. அபுதாபி விசா முடிந்துவிட்டது, பாஸ்போர்ட் இங்கத்தைக் கந்தோரில். ஊருக்குப் போன காசு நின்றது. அண்ணி வாடகை வீட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போனார். அங்கே ஏற்கெனவே இரண்டு குடும்பம். 'நீங்கள் அவசரப்பட வேண்டாம், வேலை பழகும் வரைக்கும் நாங்கள் சமாளிப்பம்' என்று அண்ணி எழுதியிருந்ததை அண்ணர் எனக்கு வாசித்துக் காட்டினார். வேலை பழகுகிறேன் என்று அவரும் எழுதிப்போட்டிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு நாள் காலையும் சவரம் செய்து சப்பாத்துப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பு வரை நடந்து, வேலைக்குப் போகிறவர்களின் பஸ் வந்து போனபிறகு திரும்பி வருவார். நான் ஒருநாளும் கூடப் போகவில்லை.

அடுத்த வருடம் அபுதாபியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே இவருக்கு மேல்தட்டுக் கட்டிலில் படுத்தவர் எழுதியது. மூன்று பிள்ளைக்காரர். கட்டில் வாடகை இன்னும் ஏறிவிட்டதாம். நடுவில் கோடு கிழித்து, அதே எட்டு வரி. அண்ணரிடம் பழகிய முறைதான். வலப்பக்கம் வெறுமை.

அண்ணர் மத்தியானம் முழுக்க மேசையில் இருந்து அதை நிரப்பினார். அடிமட்டம்கூட எடுத்து வைத்துக்கொண்டார். முடித்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"பார். பிழை ஏதும் இருக்கோ?"

வாடகை இல்லை. தண்ணீர் இல்லை. கரண்ட் இல்லை. சாப்பாடு வாசலுக்கு வரும். நான் எழுதிய அதே சொற்கள், அதே ஒழுங்கு. எட்டாவது வரியில், 'வேறை ஏதும்' என்பதற்கு நேரே, சின்ன எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார். 'வேலை செய்ய விடமாட்டினம். ஊருக்கு ஒரு சதமும் அனுப்ப ஏலாது. வேலையை விட வேண்டாம். வர வேண்டாம்.'

நாலு வசனமும் அந்த இடத்துக்குள் அடங்கியிருந்தன. பக்கத்தில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

"சரியோ?"

"சரி அண்ணை."

"அப்ப ஒட்டிப் போட்டுவிடு. உன்னட்டை முத்திரை இருக்கெல்லோ?"

இருந்தது.